கூசாத பல்

நோர்வேயில் பனிக்காலத்தில் வெளியே இறங்கி வாயைத் திறந்தால் எல்லாப் பல்லும் கூசும். என் முன்பல் ஒன்று மட்டும் கூசாது. நரம்பை எடுத்துவிட்டு, வேருக்குள் ஒரு பீங்கான் ஆணியைப் பசை வைத்து இறுக்கி, மேலே மூடி போட்டிருந்தார்கள். செத்த பல்லுக்கு இவ்வளவு சீராட்டா என்று ஊரில் கேட்பார்கள். அங்கேயென்றால் சாவகச்சேரிக்கு பஸ் ஏறிப்போய்ப் பிடுங்கிவிட்டு, மத்தியானச் சோற்றுக்கு வீடு திரும்பிவிடலாம்.

நான் அதைப் பிடுங்க விடாததற்குக் காரணம் அண்ணை. மயிலிட்டியிலிருந்து இடம்பெயர்ந்து சாவகச்சேரியில் இருந்த காலத்தில், சைக்கிள் பாரில் என்னை ஏற்றிப்போன அண்ணை தெருப் பள்ளமொன்றில் விழுத்திவிட்டார். முன்பல் பாதி போய்விட்டது. "அழாதை. கிழவியானாலும் உந்தப் பல்லைப் பாத்து என்னைத் திட்டிக்கொண்டிருப்பாய்" என்றார். போரின் கடைசியில் அவர் காணாமல் போனார். ஒரு படம்கூட எங்களிடம் மிஞ்சவில்லை. மிஞ்சியது மூடிக்குக் கீழே இருந்த அந்த அரைப் பல்தான்.

"பசை நன்றாகப் பிடித்திருக்கிறது" என்று பல் வைத்தியர் அப்போதே சொன்னார். "ஆனால் பீங்கான் வளைந்து கொடுக்காது. பலமாகக் கடித்தால் அழுத்தம் வேருக்குத்தான் போகும். வேர் பிளந்தால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது." நான் "யா, யா" என்று தலையாட்டினேன். அப்பிளைத்தான் சொல்கிறார் என்று நினைத்து, அன்றிலிருந்து அப்பிள் கடிப்பதை விட்டேன்.

போன மாதம் கரவெட்டியிலிருந்து என் கணவரின் தங்கை வந்தாள். பனங்கிழங்கை அவித்துக் கிழித்துக் காயவைத்த புழுக்கொடியல் ஒரு பை நிறையக் கொண்டுவந்திருந்தாள். கொண்டுவந்தவருக்கு முன்னாலேயே ஒன்றை எடுத்துக் கடித்து முறிப்பதுதான் எங்கள் மரியாதை.

"பல்லு கவனம் மச்சாள். இடிச்சுத் தரட்டோ?"

"ஏன், நான் என்ன பொக்கைவாய்க் கிழவியோ?" என்று ரோசத்தோடு கடித்தேன். மண்டைக்குள் ஒரு சத்தம் கேட்டது. நோகவில்லை.

மிச்சப் புழுக்கொடியல் துண்டை வைத்தியரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்த மரம் எதற்கு?" என்றார். சாப்பிடுகிற சாமான் என்று சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "பசை விடவில்லை. பீங்கானும் உடையவில்லை. வேர்தான் நெடுக்கப் பிளந்திருக்கிறது." பிடுங்குவதற்கு ஊசி போட்டார். அண்ணையை இரண்டாம் முறை பறிகொடுத்ததுபோல் அழுதேன். வலிக்கிறது என்று நினைத்து அவர் இன்னொரு ஊசியை எடுத்தார். மரத்த வாயால் "நோகேல்லை, நோகேல்லை" என்று தமிழில் சொன்னேன்.

பிடுங்கிய பல்லைச் சின்னப் பெட்டியொன்றில் போட்டுத் தந்தார்கள். என் பாற்பற்களையெல்லாம் அணில் எடுத்துப்போகட்டும் என்று மயிலிட்டி வீட்டுக் கூரையில் எறிந்தவர் அண்ணைதான். இதையும் அங்கே அனுப்பலாம் என்று எண்ணி, ஊருக்குத் திரும்பவிருந்த மச்சாளிடம் நீட்டினேன்.

"எந்தக் கூரையிலை எறியிறது மச்சாள்? ஆமி பிடிச்சு வைச்சிருந்து விட்ட காணியிலை சுவர் மட்டுந்தானே நிக்குது."

இங்கே அடுக்குமாடியில் கூரைக்கும் எனக்கும் நடுவில் வேறு யாரோ குடியிருக்கிறார்கள். பெட்டியைக் குளிர்ச்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிகிறேன்.