கண் திறக்காத கோர்ட்டு அம்மன்

ஒதியம்பட்டிலிருந்து புதுச்சேரிக் கோர்ட்டுக்குப் பசுவையும் கன்றையும் ஓட்டிக்கொண்டு போன குடும்பம் எங்களுடையது மட்டுமாகத்தான் இருக்கும். அப்போது பிரெஞ்சுக்காரர் ஆட்சி. அப்பா இறந்த கையோடு பெரியப்பா எங்கள் கரும்புக் கொல்லையைத் தன் வேலிக்குள் சேர்த்துக்கொண்டார். அம்மா வழக்குப் போட்டாள். போகும்போதெல்லாம் வாய்தாதான். கொல்லை போய்விட்டால் கூலி வேலைதான் எங்களுக்குக் கதி.

கோர்ட்டு முகப்பின் உச்சியில் கல்லால் செய்த ஒரு பெண் நின்றாள். ஒரு கையில் தராசு, மறு கையில் வாள், கண்ணில் துணிக்கட்டு. ஒருநாள் அம்மா அவளை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இன்னாடி இது, இவளுக்கு இன்னும் கண்ணே தொறக்கலியே! அப்புறம் நம்ம கேசு எப்டி நடக்கும்?"

எங்கள் ஊரில் புது அம்மன் சிலைக்குக் கண் திறக்கும்வரை துணி கட்டி வைப்பார்கள். அவிழ்த்ததும் அவள் முதலில் பார்க்க வேண்டியவை கண்ணாடி, கன்றோடு பசு, வயசுக்கு வராத ஒரு பெண். வீட்டில் எல்லாமே இருந்தன. கடைசியில் சொன்ன அந்தப் பெண் நான்தான்.

அடுத்த வாய்தாவுக்கு மாட்டோடு புறப்பட்டோம். கோர்ட்டு வாசலில் அம்மா கற்பூரம் ஏற்றினாள். நான் கண்ணாடியைத் தூக்கிப் பிடித்து, வெயிலை அம்மன் முகத்துக்கு ஏற்றப் பார்த்தேன். எட்டாமல் நுனிக்காலில் எக்கினேன். வெளிச்சம் சறுக்கி, திறந்திருந்த ஜன்னலுக்குள் பாய்ந்தது. அந்த நேரம் பார்த்துப் பசு படியிலேயே சாணி போட்டது.

சிவப்புத் தொப்பிச் சிப்பாய் தடியோடு ஓடிவந்தார். அதற்குள் நீதிபதி துரையே கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். கூடவே அவர் பேச்சைத் தமிழில் சொல்லும் துபாசி.

"துரை கேக்கறாரு, இன்னாம்மா வோணும் உனக்கு?"

அதுவரை அங்கே யாரும் அம்மாவிடம் அப்படிக் கேட்டதில்லை. அப்பா செத்தது, வேலி போட்டது, கரும்பை வெட்டிக்கொண்டு போனது எல்லாவற்றையும் அழுதுகொண்டே சொன்னாள். துபாசி பாதியை விழுங்கியிருப்பார். துரை கன்றின் நெற்றியைத் தடவிவிட்டு உள்ளே போனார். அன்று முதலில் கூப்பிட்டது எங்கள் வழக்கைத்தான். கொல்லையை அளக்க ஆள் அனுப்பும்படி உத்தரவானது.

வெளியே வந்ததும் அம்மா என்னைக் கட்டிக்கொண்டாள். "கண்ணு தொறந்துடுச்சிடி!"

நான் அண்ணாந்து பார்த்தேன். துணிக்கட்டு அப்படியே இருந்தது. பாவம், அம்மாவுக்குப் பார்வை மங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அவள் மனம் நோகக் கூடாதே என்று, "ஆமாம்மா" என்றேன்.