காப்பு வாங்காமல் புறப்படாத ரயில்

டென்மார்க்கில் ஹ்விடோவ்ரேயின் பழைய சாமான் சந்தையில் ஒருவர் சின்ன மாதிரி ரயிலொன்றை ஓடவிட்டுக்கொண்டிருந்தார். சூடேறிய மோட்டாரின் எண்ணெய் மணம் வந்ததும் நினைவில், நான் வளர்ந்த கிரின்ஸ்டெட் வீட்டின் நிலக்கீழ் அறைக்குப் போய்விட்டேன்.

எனக்கு ஒன்பது வயதில், வேல்ஸில் இருந்த மாமா வீட்டுக்குப் போனபோது, மலையேறும் கரிக்கோச்சி ரயிலில் ஏறினோம். ஒற்றைத் தண்டவாளம். ஸ்டேஷன் மாஸ்டர் ஒரு வளையத்தைக் கொடுத்தால்தான் டிரைவர் வண்டியை எடுப்பார். எதிரே வேறு வண்டி வராது என்பதற்கு அதுதான் உறுதி.

"எங்கட கொடிகாமத்திலையும் இதேதான்!" என்று பெட்டியே திரும்பிப் பார்க்க அப்பா கத்தினார். யாழ்ப்பாணத்தில், ஊரில் இருந்தபோது அவர் அந்த ஸ்டேஷனில் வேலை பார்த்தவர். டென்மார்க்கில் தொழிற்சாலை வேலை.

திரும்பி வந்து, அந்த வேல்ஸ் பாதையை நிலக்கீழ் அறையின் மேசைமேல் மாதிரியாகக் கட்டினார். நான் ஸ்டேஷன் மாஸ்டர், அவர் டிரைவர். வளையத்துக்குப் பதிலாக என் கண்ணாடிக் காப்பைக் கழற்றிக் கொடுக்கும்வரை ரயிலை அசைக்கமாட்டார்.

பதின்மூன்று வயதில் ஒருநாள் பள்ளித்தோழியைக் கூட்டிவந்திருந்தேன். அப்பா வழக்கம்போலக் கையை நீட்டினார்.

"ஸ்டேஷன் மாஸ்டர், காப்பைத் தாங்கோ."

"இது வெறும் விளையாட்டுச் சாமான், அப்பா," என்றேன், தோழிக்கும் விளங்கட்டும் என்று டேனிஷில்.

"ஓம்," என்று தமிழில் சொல்லிவிட்டு சுவிட்சை அணைத்தார். அவர் சாகும்வரை அந்த ரயில் ஸ்டேஷனிலேயே நின்றது. நானும் காப்போடு கீழே இறங்கவேயில்லை.

"ஓட்டிப் பார்க்கிறீர்களா?" என்று சந்தைக்காரர் கேட்டார். அதற்குள் என் காப்பைக் கழற்றிவிட்டிருந்தேன். அதை வாங்கத்தான் அப்பாவின் கை இல்லை.