பக்கத்துப் புத்தகம்

மாடிப்படியின் அடியில் கிடக்கும் பிளாஸ்ரிக் கதிரையில் உட்கார்ந்து, மேலே பார்த்துக் குரல் கொடுப்பார் பிரியந்தினி. "ரஜிதா, அந்த நீல மட்டைப் புத்தகம்." நூலக உதவியாளர் எட்டிப் பார்த்து, "ஓம் மெடம், கொண்டு வாறன்" என்பார்.

பிரியந்தினி முல்லைத்தீவில் கடற்றொழில் செய்யும் குடும்பத்தில் பிறந்தவர். எங்கள் பல்கலைக்கழகப் பீடத்தில் நீர்வாழ் உயிரியல் கற்பிக்கிறார். இடது கால் தொடையோடு போரில் போயிற்று. பொய்க்காலோடும் கைத்தடியோடும் சமதரையில் என்னை முந்தி நடப்பார், படிதான் ஆகாது. ஒருமுறை ஏறப்போய் விழுந்தார். "படிக்கு ஒண்டும் நடக்கேல்லை" என்று எழுந்து வகுப்புக்குப் போய்விட்டார்.

துறை நூல்களெல்லாம் மாடியில் இருந்தன. வாசிப்பு மண்டபம் கீழே. கணினியில் பட்டியல் இருக்கிறதே என்றேன் ஒருநாள்.

"பட்டியல் பேரைத்தான் சொல்லும் சேர். உள்ளுக்கு என்ன கிடக்கெண்டு புரட்டினாத்தானே தெரியும்."

இந்த வருடம், கடலை ஒட்டிக் கிடக்கும் களப்பு நீர்நிலைகள் பற்றிய புதிய பாடம் அவரிடம் வந்தது. களப்புத் தண்ணீர் ஏன் நிறம் மாறுகிறது என்று ஒரு மாணவி கேட்டாள். அவருக்குப் பெயர் தெரிந்த நூல்கள் எதிலும் விடை இல்லை.

அன்று ரஜிதா விடுப்பு. நூலகர் தில்லைநாதனே புத்தகத்தை எடுத்து வந்தார். வாங்கிப் பார்த்த பிரியந்தினி, தயங்கித் தயங்கிக் கேட்டார். "இதுக்குப் பக்கத்திலை என்ன கிடந்தது சேர்?"

அவர் ஏறிப்போய் அதைக் கொண்டுவந்தார்.

"அதுக்குப் பக்கத்திலை?"

மூன்றாவது புத்தகத்தைக் கொடுத்துவிட்டு, மூச்சு வாங்கப் படியிலேயே இருந்துவிட்டார் நூலகர். பிரியந்தினி பக்கங்களைப் புரட்டி ஓரிடத்தில் விரலை வைத்தார். "அந்தப் பிள்ளை கேட்டதுக்கு மறுமொழி இஞ்சை இருக்கு."

"ஏன் மெடம் இவ்வளவு நாளும் சொல்லேல்லை?" என்றார் நூலகர்.

"ஒராளுக்காக மாடியை இறக்கச் சொல்லலாமோ?"

"ஏன் ஏலாது? புத்தகங்களைக் கீழை இறக்கிப்போட்டு, வாசிக்கிற மண்டபத்தை மேலை ஏத்துவம். அங்கை காத்தும் வரும்."

சொன்னபடியே விடுமுறையில் வேலை தொடங்கியது. பிரியந்தினி நம்பவில்லை. ஊரிலிருந்து எனக்குத் தொலைபேசி எடுத்தார். "புத்தக றாக்கையள் கீழை இறங்கீற்றுதோ சேர்?"

இறங்கிவிட்டன என்றேன். நீண்ட மூச்சொன்று கேட்டது. பிறகு, யாரிடமோ திரும்பி, "அம்மா, தேத்தண்ணி போடுங்கோ, குடிப்பம்" என்றார்.

பீடம் திறந்த அன்று காலையிலேயே நூலகத்துக்கு வந்துவிட்டார். றாக்கைகளுக்கு நடுவே அவரைக் கண்டதும் ரஜிதா ஓடிவந்தார். "என்ன புத்தகம் மெடம்? எடுத்துத் தாறன்."

"தெரியேல்லை" என்றார் பிரியந்தினி. கைத்தடியை றாக்கையின் விளிம்பில் கொளுவிவிட்டு, ஒரு புத்தகத்தை இழுத்துப் பிரித்துப் பார்த்தார். வைத்தார். அடுத்ததை இழுத்தார்.