விடுதலைப் பத்திரத்தில் ஒரு மூத்த மகன்

அப்பா இறந்த அன்று அண்ணன் திருச்சி பஸ்ஸிலிருந்து மொட்டைத் தலையோடு இறங்கி வந்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. மீசையும் இல்லை. ஸ்ரீரங்கத்திலேயே சவரக்கடைக்குப் போய் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, கொள்ளி வைக்கத் தயாராக வையம்பட்டிக்கு வந்திருந்தார். வாசலில் நின்ற என் தாய்மாமா, கொள்ளிச்சட்டியைப் பெரியப்பா மகன் தூக்குவதாக முடிவாகிவிட்டது என்றார். அண்ணன் பந்தலின் ஓரத்தில் போய் நின்றுகொண்டார். அப்பாவுக்கு மூத்த பிள்ளை அவர்தான். ஆனால் என் அம்மா வயிற்றுப் பிள்ளை இல்லை.

அம்மாவுக்குக் கல்யாணமாகி எட்டு வருஷம் குழந்தை இல்லை. காய்கறி ஏற்றிக்கொண்டு காந்தி மார்க்கெட்டுக்குப் போய்வந்த அப்பா, ஸ்ரீரங்கத்தில் இன்னொருவருக்கும் தாலி கட்டினார். அண்ணன் பிறந்து மூன்றாம் வருஷம் அம்மாவுக்கு நான் பிறந்தேன். மூத்தவர் அவர், முறையாகப் பிறந்தவள் நான். திருச்சியில் நான் காலேஜ் படித்தபோது, லேத் பட்டறையிலிருந்து எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே ஹாஸ்டல் வாசலுக்கு வருவார். மணப்பாறைப் பக்கத்துப் பெண்ணுக்கே முறுக்கு வாங்கிவருகிற மகா புத்திசாலி. யார் என்று கேட்ட தோழிகளிடம் "தெரிஞ்சவங்க" என்றேன். அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

காரியமெல்லாம் முடிந்து மூன்றாம் மாதம், மாமா ஒரு வக்கீலைப் பார்த்துவிட்டுப் பதறிப்போய் வந்தார். இரண்டாம் கல்யாணம் செல்லாதாம். ஆனால் அதில் பிறந்த பிள்ளைக்கு அப்பா சொத்தில் பங்கு உண்டாம். அப்பா வாங்கிய நாலு ஏக்கரில் தனக்குப் பங்கு வேண்டாம் என்று அண்ணனிடம் விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கியே ஆகவேண்டும் என்று குதித்தார். "அவன் பங்க அவனுக்குக் குடுத்துட்டுப் போங்களேன்" என்று அம்மா மட்டும் சொன்னாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை, நான் உட்பட. போன் செய்தபோது அண்ணன், "சரி பாப்பா, எப்ப வரணும்?" என்று மட்டும் கேட்டார்.

மணப்பாறையில் பத்திர எழுத்தர் எழுதியதைப் படித்துக் காட்டினார். முதல் வரியில் அப்பாவின் பெயரும், அவருடைய "மூத்த மகனாகிய நான்" என்பதும் வந்ததுமே மாமாவுக்குச் சுருக்கென்றது.

"மகன்னெல்லாம் எதுக்குங்க? வேற மாதிரி எழுத முடியாதா?"

எழுத்தர் கண்ணாடியை இறக்கிவிட்டு மாமாவைப் பார்த்தார். "மகனா இருந்தாத்தாங்க பங்கு. பங்கு இருந்தாத்தாங்க விட்டுக்குடுக்க முடியும்."

"எழுதித் தொலைங்க" என்றார் மாமா. அண்ணன் அந்த முதல் வரியை மட்டும் மறுபடி படிக்கச் சொல்லிக் கேட்டார். நிலத்தின் நான்கு எல்லைகளைப் படித்தபோது அவர் கவனிக்கவே இல்லை.

அந்த நிலம் இன்று என் பெயரில் இருக்கிறது. வரப்பில் நடக்கும்போது ஒரு நாளும் பெருமையாக இருந்ததில்லை, பிடுங்கிக்கொண்டோம் என்றுதான் மனசு சொல்லும். அவர் பங்கைத் திருப்பித் தரட்டுமா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டேன். "எனக்கு வேண்டியத அன்னைக்கே வாங்கிட்டேன் பாப்பா" என்கிறார்.

அது என்ன என்று நான் கேட்டதில்லை. அன்றைக்கு நானும் கூடத்தானே இருந்தேன். மணப்பாறைப் பக்கம் யார் கேட்டாலும் அப்பா பெயரைச் சொல்லக் கூடாது என்று சின்ன வயதிலேயே அவரிடம் சத்தியம் வாங்கியிருந்தார்கள். அன்று பத்திரம் பதிய சார்பதிவாளர் அலுவலகத்துக்குள் போனோம். முகூர்த்த நாள், நல்ல கூட்டம். பாதிப் பேர் அப்பாவைத் தெரிந்தவர்கள். சார்பதிவாளர் நிமிர்ந்து பார்க்காமலே, "அப்பா பேரு?" என்றார்.

அண்ணன் சொன்னார். கடைசி பெஞ்சில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

"பக்கத்துலதானங்க இருக்கேன், மெதுவாவே சொல்லலாம்" என்று சார்பதிவாளர் சிரித்தார்.

அண்ணன் அதே சத்தத்தில் இன்னொரு தடவை சொன்னார்.