மாடிக்கு ஏறிய பசு

புனேயின் ஹிஞ்சேவாடியில் வேலை, ஔந்தில் வாடகை வீடு. இரண்டையும் தாண்டி, வயல்கள் தொடங்கும் ஒரு சிற்றூரில்தான் என் சம்பளத்துக்குச் சொந்த வீடு கிடைத்தது. கீழே மளிகைக் கடை, மேலே நாங்கள். கிரகப்பிரவேசத்துக்கு வேண்டியவற்றில் பாதியை ஊரே இரவல் தந்தது: கோயில் அண்டாக்கள், கணபதி விழா நடத்தும் மண்டல் குழுவின் பந்தல், ஊரே மாவ்ஷி, அதாவது சித்தி, என்றழைக்கும் பக்கத்து வீட்டு அம்மாளின் பசுவும் கன்றும்.

பசு மணப்பெண் போலப் படியேறியது. கூடத்தைச் சுற்றியது, வாழைப்பழம் தின்றது, கோலத்தின் மேல் சாணி போட்டது.

"இதைவிட நல்ல சகுனம் வேணுமா கண்ணு?" என்றார் என் கோயம்புத்தூர்க்கார அம்மா.

திரும்பும்போது பசு படியின் உச்சிக்கு வந்து கீழே பார்த்தது. அப்படியே நின்றுவிட்டது. மாடு ஏறும், இறங்காது என்பதை யாரும் யோசிக்கவில்லை.

மாவ்ஷியின் முகம் வெளிறியது. அவருக்கு இருப்பதே அந்த ஒரு பசு. "கால் ஒடிஞ்சா என் பிழைப்பே போச்சு," என்று மராத்தியில் சொல்லிப் படியிலேயே உட்கார்ந்தார். கீழே பசித்த கன்று கத்த, மேலிருந்து தாய் பதில் கொடுத்தது.

சரிவுப் பாதை போட்டால் இறங்கும் என்றேன். அவ்வளவுதான், ஊர் கிளம்பிவிட்டது. மண்டல்காரர்கள் மேடைப் பலகைகளைப் படிமேல் கிடத்தினார்கள். அதன்மேல் விரிக்க மல்யுத்தக் கூடத்திலிருந்து பெரிய மெத்தை வந்தது, கூடவே மல்லர்களும். டிராக்டரில் கரும்புத் தோகை வந்தது. கோயில் ஒலிபெருக்கி, மாடு பயப்படும், யாரும் சத்தம் போடாதீர்கள் என்று அலறியது.

"மேல் வீட்டுக்கு ஆள் வந்தாச்சு போல," என்றார் மளிகைக்காரர், பசுவைப் பார்த்து.

"அட்வான்ஸும் குடுத்தாச்சு, கூடத்துல கெடக்குது," என்றார் அப்பா, தனக்குத் தெரிந்த இந்தியில்.

பசு மெத்தையில் இரண்டடி வைத்தது. பிறகு, நடப்பது தன் வேலையில்லை என்பதுபோல் படுத்துக்கொண்டது.

"மாவ்ஷி, உங்க மகாராணிக்குப் பல்லக்குதான் வேணுமாம்," என்றார் ஒரு மல்லர்.

மேலே சிலர் மெத்தையைப் பிடித்துக்கொள்ள, கீழே சிலர் தாங்கிக்கொள்ள, பல்லக்கு மெல்லச் சறுக்கியது. மகாராணி தோகையை மென்றபடியே இறங்கினாள். பசுவின் கயிற்றைப் பிடித்திருந்த எனக்குச் சிரிப்பில் கைகள் தளர்ந்தன, அம்மா பறித்துக்கொண்டார்.

தரையில் பசு எழுந்து நின்றது. மாவ்ஷி ஒவ்வொரு காலாகத் தடவிப் பார்த்தார்.

"நாலும் நல்லாருக்கு," என்று அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு சிரித்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

அதற்குள் கன்று மடியில் முட்டத் தொடங்கியிருந்தது. அம்மா சொம்போடு ஓடிவந்தார்.

"பால் காய்ச்சோணும், கொஞ்சம் மிச்சம் வைக்கச் சொல்லு கண்ணு."

மராத்தியில் கேட்டேன். மாவ்ஷி தலையை ஆட்டி மறுத்தார். "இன்னிக்குப் பூராவும் கன்னுக்குத்தான்."

அப்பா பாக்கெட் பால் வாங்க ஸ்கூட்டரை எடுத்தார்.