அணைந்த விளக்கிலும் கரண்டு

ஊரப்பாக்கத்தில் வேதசிரோமணி ஒயரிங் செய்த வீடு என்றால் கடைசி நாளில் ஒரு சடங்கு உண்டு. வீட்டிலுள்ள எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்துவார். ஒவ்வொரு சுவிட்சாக அணைத்து, ஸ்டூலில் ஏறி, பல்பைக் கழற்றி ஹோல்டருக்குள் டெஸ்டரை வைப்பார். டெஸ்டரில் இருக்கும் குட்டி விளக்கு எரியக் கூடாது. எரியாது.

"பாத்துக்கோங்க. சுவிச்ச ஆஃப் பண்ணிட்டா அப்புறம் பயமே இல்ல" என்பார். கிரகப்பிரவேசப் பாயசம் ஆறினாலும் மனிதர் ஒரு சுவிட்சைக்கூட விட மாட்டார்.

பொன்னியம்மாள் வீட்டிலும் அப்படித்தான். நிலத்தை விற்றுக் கட்டிய வீடு. கரண்டு என்றாலே அவளுக்கு நடுக்கம். அவளையே ஸ்டூலில் ஏற்றி, அவள் கையாலேயே டெஸ்டரை வைக்கச் சொல்லிப் பயத்தைப் போக்கினார். அதற்குப் பிறகு பல்பு மாற்ற அவள் புருஷனைக்கூட எதிர்பார்ப்பதில்லை.

தொண்ணூற்று நாலு ஐப்பசிப் புயலில் தெருவுக்கே கரண்டு போயிற்று. மின்வாரியத்து ஆள் வரும்வரை பொறுமை யாருக்கு இருந்தது? சிட்டிபாபு என்பவனைப் பிடித்துத் தெருக்காரர்களே கம்பத்தில் ஏற்றினார்கள். விளக்கு எரிந்ததும் அவனுக்கு மாலை போடாததுதான் பாக்கி.

வேதசிரோமணிக்குச் சந்தேகம் தட்டியது. பொன்னியம்மாள் வீட்டுக்கு ஓடி, சுவிட்சை அணைத்து டெஸ்டரை வைத்தார். எரிந்தது. கரண்டு வரும் கம்பியையும் திரும்பிப் போகும் கம்பியையும் அந்தப் புண்ணியவான் மாற்றிக் கட்டியிருந்தான். இனி சுவிட்சு துண்டிப்பது திரும்பிப் போகும் கம்பியைத்தான்; விளக்கு அணைந்தாலும் ஹோல்டரில் கரண்டு இருக்கும்.

"அதான் லைட்டு எரியுதே, இன்னாத்துக்கு பேஜார் பண்ணிகினு கீற?" என்று சிட்டிபாபு மறுபடி ஏற மறுத்துவிட்டான். தெருவும் சேர்ந்து சிரித்தது. வேறு வழியில்லாமல் அவள் வீட்டு மெயின் சுவிட்சில் வேதசிரோமணியே ஒயர்களை மாற்றிப் போட்டார். டெஸ்டர் அணைந்தது.

"இனிமே கம்பத்துல ஏறுனா என்கிட்ட ஒரு வார்த்த சொல்லுப்பா" என்று சிட்டிபாபுவிடம் கெஞ்சினார். அவனும் தலையாட்டினான்.

அடுத்த மழையிலேயே கம்பத்தில் கம்பி மறுபடி அறுந்தது. வேதசிரோமணியிடம் சொல்லாமலே சிட்டிபாபு மறுபடி ஏறினான். போதாத காலம், இந்த முறை சரியாகக் கட்டிவிட்டான். கம்பத்தில் நேரானது, வேதசிரோமணி மாற்றிப் போட்டிருந்த வீட்டில் தலைகீழாயிற்று.

மறைமலை நகரில் வேலையிலிருந்த அவருக்குச் சாயங்காலம்தான் சேதி எட்டியது. சைக்கிளை எப்படி மிதித்தார் என்று அவருக்கே தெரியாது. போவதற்குள் பொன்னியம்மாள் வீட்டு வாசலில் கூட்டம். வீடு கழுவிய ஈரத்தோடு பல்பு மாற்ற ஏறியிருக்கிறாள். ஸ்டூல் கவிழ்ந்து கிடந்தது. உயிர் இருந்தது, வலது கை விரல்கள் கருகியிருந்தன. சுவரில் சுவிட்சு ஆஃபில்தான் இருந்தது.

"இவுரு ஒயரிங் பண்ண லட்சணத்தப் பாரு" என்றார் யாரோ. கம்பத்தைப் பற்றி யாரிடம் சொல்ல, எங்கிருந்து ஆரம்பிக்க? பயமே இல்லை என்று வீடு வீடாகச் சொன்னவர், கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போனார்.

அவரைக் கண்டதும் பொன்னியம்மாள், தான் ஏதோ தப்புச் செய்துவிட்டதுபோலப் பதறினாள்.

"சுவிச்ச ஆஃப் பண்ணிட்டுதாண்ணா தொட்டேன். நீ சொல்லிக் குடுத்த மாதிரிதாண்ணா பண்ணேன்."