யாரும் ஓடாத கடைசி வளைவு

விமலாக்கா இல்லை. நேற்று விடியற்காலை, தூக்கத்திலேயே. இதயம் என்கிறார்கள்.

ஆபீஸ் குரூப்பில் செய்தி வந்தபோது மெட்ரோவில் நின்றுகொண்டிருந்தேன். இறங்க வேண்டிய ஸ்டேஷன் வந்தது, போனது...

தில்லி விமான நிலைய கார்கோ பிரிவில் எனக்குப் பக்கத்து மேசை. வள்ளியூர்க்காரர். ஷிஃப்ட் எதுவானாலும் தினமும் ஓடுபவர். இங்கே சிலருக்கு அவரை அப்படித்தான் தெரியும், துவாரகா பார்க்கில் சுடிதாரும் ஷூவுமாக ஓடுகிற அந்த அக்கா.

நஜஃப்கட்டைத் தாண்டி அவர்களுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. வாடகைக்கு ரூம் கட்டலாம் என்றார் அவர் கணவர்.

"கட்டுங்க. நடுவுல கட்டுங்க. ஓரத்த எனக்குக் குடுங்க."

ஓரம் முழுக்க ஒரு பாதை. ஓடவும் சைக்கிள் ஓட்டவும். மண்வெட்டி, சுண்ணாம்புத் தூள், ஒரு கயிறு, நாங்கள் இரண்டு பேர். ஞாயிற்றுக்கிழமைகளில்.

அது உண்மையில் நித்யாவுக்காக. அக்காவின் மகள். சர்வீஸ் ரோட்டில் ஒரு கார் உரசி, சைக்கிளோடு விழுந்து, முழங்கை முறிந்தது. எலும்பு கூடிவிட்டது. சைக்கிள் மட்டும் பால்கனியிலேயே நின்றது. அதன் மேல் துணி காய்ந்தது.

"ரோடுதானல பயம் அவளுக்கு? ரோடே இல்லாத எடத்துல ஓட்டட்டும்."

பாதையின் அகலத்தை டேப் வைத்து அளக்கவில்லை. நித்யாவின் சைக்கிளைப் பால்கனியிலிருந்து இறக்கி, கொண்டுவந்து, நிறுத்தினார். பக்கத்தில் தான் நின்று ஓடுவதுபோல் கையை வீசிப் பார்த்தார். ஒரு சைக்கிள், ஓர் ஆள். அவ்வளவு அகலம்.

பக்கத்து வயல் சவுத்ரிஜி எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். இந்த ரோடு எங்கே போகிறது என்று ஒருநாள் கேட்டார்.

"கஹீன் நஹி, சவுத்ரிஜி. வாபஸ் யஹீன்." எங்கேயும் போகாது, திரும்பி இங்கேயே வரும்.

அவர் ரொம்ப நேரம் யோசித்தார்.

கோடையில் புழுதி தாங்க முடியவில்லை. ஊரில் வாசலுக்குச் செய்வதை இங்கேயும் செய்தால் என்ன என்றார் அக்கா. சவுத்ரிஜி வீட்டு எருமைச் சாணம். கரைத்து, பாதை முழுக்கத் தெளித்து, துடைப்பத்தால் இழுத்தோம். காய்ந்ததும் சிமெண்ட் போட்ட மாதிரி இருந்தது. எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. போட்டோ எடுத்து குரூப்பில் போட்டோம்.

பிறகு முதல் மழை.

அக்கா ஓட ஆரம்பித்தது தெரியும். அடுத்துப் பார்த்தபோது உட்கார்ந்த நிலையிலேயே சவுத்ரிஜியின் கம்பு வயலுக்குள் போய்க்கொண்டிருந்தார்.

"சிரிக்காதல... கையக் குடு. ஏல, கையக் குடுன்னு சொல்லுதேன்லா!"

என் எருமைகூட இதில் கால் வைக்காது மேடம் என்றார் சவுத்ரிஜி. தெளித்தது முழுவதையும் சுரண்டி எடுத்தோம். அவரும் வந்து சுரண்டினார்.

கடைசி வளைவு ஒரு கீக்கர் மரத்தைச் சுற்றி வரும். நம் ஊர்ச் சீமைக்கருவேலம்தான். அந்த வளைவையும் வெட்டி முடித்தோம். வட்டம் முழுதாகிவிட்டது. ஆனால் அக்கா மரம் வரை ஓடி, அங்கே திரும்பி, வந்த வழியே வருவார். ஒவ்வொரு முறையும்.

"மொத சுத்து அவளுக்கு. அவ சைக்கிள்ல, நான் பக்கத்துல. அதுவரைக்கும் எவனும் கால வைக்கக் கூடாது."

"வெட்டும்போது மிதிச்சோமேக்கா."

"அது வேல. ஓட்டம் வேற."

மிதிக்காமல் முள் பொறுக்குவது எப்படி? இரண்டு ஓரத்திலும் ஆளுக்கொரு பக்கம் நின்று, கயிறு கட்டிய ஈரச் சாக்கை அந்த வளைவின் மேல் இழுப்போம். கீக்கர் முள்ளெல்லாம் சாக்கில் குத்தி வந்துவிடும். வராத சைக்கிளுக்கு ஒவ்வொரு ஞாயிறும் முள் எடுத்தோம்.

தீபாவளிக்குப் பிறகு நித்யா சரி என்றாள். அன்று அக்கா கேன்டீனில் எல்லோருக்கும் சமோசா வாங்கினார்.

அதற்குள் காற்று கெட்டிருந்தது. வழக்கம்போல. போனில் காற்று மாசு அளவு சிவப்பில் இருப்பதைக் காட்டினார். "இந்த வெசத்துல பிள்ளைய மூச்சு வாங்கச் சொல்லவா? பிப்ரவரி வரட்டும்." நானும் ஆமாம் என்றேன். தில்லியில் எல்லோரும் எதையாவது பிப்ரவரிக்குத்தான் வைத்திருக்கிறோம்.

இது ஜனவரி.

நேற்று மாலை எல்லாம் முடிந்து, அவர்கள் அபார்ட்மெண்ட் லிஃப்ட் அருகே நின்றிருந்தேன். நித்யா வந்தாள். அவளுக்கு நான் 'பையா', இந்தி அண்ணன்.

"பையா, மம்மி அந்த லாஸ்ட் டர்ன்ல... ஏக் பார் பி, ஒரு தடவகூட ஓடலயா?"

"இல்லம்மா."

"நீங்க?"

"நானும் இல்ல."

"மாஸ்க் போட்டுட்டு போயிருக்கலாம்ல? ஒரு ரவுண்டுதானே..."

லிஃப்ட் வந்தது. யாரும் ஏறவில்லை. கதவு மூடிக்கொண்டது.

"பிப்ரவரில நான் வர்றேன்," என்றாள். தனியாக ஓட்ட வேண்டாம், நான் பக்கத்தில் ஓடுகிறேன் என்றேன்.

"நஹி பையா. சைடு காலியா இருக்கட்டும்."

ஞாயிற்றுக்கிழமை சாக்கை நனைத்து எடுத்துப் போகிறேன். அந்த ஓரத்துக் கயிற்றைப் பிடிக்கச் சவுத்ரிஜி வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

முள் இருக்காது, விமலாக்கா. போய் வாருங்கள்.